சாம்பியன் ஆன பிறகு காணாமல் போன கிளப்

மீஞ்சூரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். காலி மனை ஒன்றில் பையன்கள் பந்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பக்க கோலுக்கு இரண்டு செங்கல். மறுபக்கம் யாரோ மூங்கில் நட்டு வைத்திருக்கிறார்கள். ஆடுகிறவர்களில் நான்கு பேர் மஞ்சள் ஜெர்சி, முதுகில் 7. தோனியின் கிரிக்கெட் ஜெர்சிதான். தோனிக்குச் சென்னையின் எஃப்சி என்கிற கால்பந்து கிளப்பிலும் பங்கு உண்டு என்று சொன்னேன். "அப்படியாண்ணா?" என்று கேட்டுவிட்டு த்ரோ போட ஓடிவிட்டான் ஒருவன்.

மனைக்குப் பின்னால் அனல் மின் நிலையப் புகைபோக்கிகள் நிற்கின்றன. வல்லூர் நிலையத்தின் திறன் 1,500 மெகாவாட். அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் இரண்டு நிலைகள் சேர்ந்து 1,830 மெகாவாட். பாதி மாநிலத்துக்கு விளக்கெரிக்கிற மாதிரி மின்சாரம் செய்யும் ஊர்ப்பக்கம் இது. இப்படி ஓர் இடத்திலிருந்து தொழில்முறை கால்பந்து கிளப் ஒன்று முளைக்குமா என்றால், முளைத்த கதை மெக்சிகோவில் இருக்கிறது.

1923-ல் மெக்சிகோ நகரத்து மின்சாரக் கம்பெனியின் அணியும் டிராம் கம்பெனியின் அணியும் ஒன்றாகிப் பிறந்தது நெகாக்ஸா. அந்த நகரத்துக்கு மின்சாரம் தந்த நீர்மின் நிலையம் புவெப்லா மாநிலத்தில் நெகாக்ஸா ஆற்றின் மேல் இருந்தது. கிளப்புக்கு ஆற்றின் பெயரையே வைத்தார்கள். நெய்வேலி என்று பெயர் வைத்துக்கொண்டு ஓர் அணி சென்னையில் ஆடுவதைப் போல. ரசிகர்கள் அந்த அணியை 'மின்சாரக்காரர்கள்' என்று கூப்பிட்டார்கள். 1930-களில் நான்கு முறை லீக் வென்ற அணி, 1943-ல் தொழில்முறை ஆட்டம் வந்தபோது விலகிக்கொண்டது. 1950-ல் திரும்பியது. 1971-ல் கைமாறியதும் அத்லெதிகோ எஸ்பான்யோல் என்று பெயரே மாறியது. 1982-ல் தொலைக்காட்சி நிறுவனமான டெலிவிசா வாங்கிப் பழைய பெயரை மீட்டது. 1990-களில் மூன்று சாம்பியன் பட்டம். 2000-ல் பிரேசிலில் நடந்த உலக கிளப் போட்டியில் ரியல் மாட்ரிட்டைப் பெனால்டியில் வீழ்த்தி மூன்றாம் இடம்.

இவ்வளவும் செய்துவிட்டு, 2003-ல் தலைநகரைவிட்டே கிளம்பி அகுவாஸ்காலியெந்தெஸ் என்ற வேறு நகரத்துக்குக் குடிபோய்விட்டது. ஆஸ்டெக்கா மைதானத்தில் அதே முதலாளியின் இன்னொரு கிளப்பான அமெரிக்காவுடன் இடத்தைப் பங்குபோட்டு, காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆடி வந்த அணி அது. இன்றைக்கு அதன் பங்குதாரர்களில் ஹாலிவுட் நட்சத்திரங்கள் உண்டு. ஆற்றின் பெயர் மட்டும், நடுவில் கொஞ்ச காலம் தவிர, நூறு வருஷமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நம்மூரில் இதற்கு மிக நெருங்கி வருவது சென்னை சிட்டி எஃப்சியின் கதை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

அப்போது நாட்டின் முதல்நிலை லீக்காக இருந்த ஐ-லீக்குக்கு, சென்னை சிட்டி கீழ்ப்பிரிவில் ஆடி ஏறி வரவில்லை. விருப்பம் உள்ளவர்களிடம் விண்ணப்பம் கேட்டு இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2016-17 சீசனில் சேர்த்துக்கொண்ட அணி அது. உரிமையாளர் ரோஹித் ரமேஷ். முதல் சீசன் சென்னை நேரு ஸ்டேடியத்தில், எட்டாம் இடம். அடுத்த சீசனில் ஜாகை கோயம்புத்தூருக்கு மாறியது. அங்கேயும் ஸ்டேடியத்தின் பெயர் ஜவாஹர்லால் நேருதான், இடம்தான் வேறு. பெயரில் சென்னை, ஆடுவது கோவையில். மறுபடியும் எட்டாம் இடம்.

2018-ல் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். வெளிநாட்டு ஆட்டக்காரர்களை ஆளுக்கொரு நாட்டிலிருந்து பொறுக்காமல், ஸ்பானிஷ் கீழ்ப்பிரிவுகளில் ஆடிப் பழகியவர்களாகவே எடுத்தார்கள். பெத்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாந்த்ரோ ரொட்ரிகெஸ், ரொபர்தோ எஸ்லாவா. ஒருவர் பந்தைக் கொடுக்கும் முன்பே அடுத்தவர் இடத்துக்குப் போய் நிற்பார். பந்தைத் தூக்கி அடித்துவிட்டு ஓடுகிற ஆட்டம் பார்த்துச் சலித்த கண்ணுக்கு அது விருந்து. நெய்வேலிப் பையன் எட்வின் வன்ஸ்பால், அஜித் குமார், ரொமாரியோ ஜேசுராஜ் என்று தமிழ் ஆட்டக்காரர்களும் அந்த அணியில் இருந்தார்கள். மான்சி மட்டும் 21 கோல். அந்த சீசனின் நடுவிலேயே ஸ்விட்சர்லாந்தின் எஃப்சி பாசல் 26 சதவீதப் பங்கை வாங்கியது.

2019 மார்ச் 9, கடைசி ஆட்டம். கோவையில் சென்னை சிட்டிக்கு எதிரே மினர்வா பஞ்சாப். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன் ஈஸ்ட் பெங்கால். சென்னை சிட்டி சறுக்கினால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போகலாம். ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே மினர்வா கோல் அடித்துவிட்டது. இடைவேளை வரை அப்படியே. பிறகு மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அடுத்த இரண்டையும் அடித்தது முன்கள நட்சத்திரம் யாருமில்லை, அசாமைச் சேர்ந்த கௌரவ் போரா. 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது. ஆனால் பட்டியலில் 43-க்கு 42. ஒரே ஒரு புள்ளியில் தமிழ்நாட்டுக்கு முதல் ஐ-லீக் கோப்பை.

சரி, சாம்பியன் ஆனால் என்ன கிடைக்கும்? மற்ற நாடுகளில் இந்தக் கேள்வியே எழாது. இங்கே அந்தக் காலத்தில் இரண்டு லீக்குகள் பக்கம் பக்கமாக ஓடின. ஐஎஸ்எல் என்ற இந்தியன் சூப்பர் லீக், பணம் கட்டி உள்ளே வரும் கிளப்புகளின் லீக். அப்போது யாரும் கீழே இறங்கவுமில்லை, யாரும் மேலே ஏறவுமில்லை. சென்னை சிட்டி கோப்பை தூக்கிய அதே 2019-ல் ஐஎஸ்எல்தான் நாட்டின் முதல்நிலை லீக் என்று முடிவானது. ஐ-லீக் இரண்டாம் படிக்கு இறங்கியது. ஐ-லீக் சாம்பியன் மேலே போகலாம் என்ற விதி 2022-23 சீசனில்தான் வந்தது. பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையிடம், அடுத்த வகுப்பு இன்னும் கட்டவில்லை என்று சொன்ன கதைதான்.

கிளப்பை நடத்த டிக்கெட் காசு பத்தாது. நல்ல ஆட்டக்காரனை விற்றுத்தான் ஓட்ட வேண்டும். விற்றால் அணி கரையும். மைக்கேல் சூசைராஜ் கோப்பைக்கு முன்பே ஜம்ஷெட்பூர் போயிருந்தார். கோப்பைக்குப் பின் வன்ஸ்பால் சென்னையின் எஃப்சிக்கு, மான்சி 2020 ஜனவரியில் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்கு. அப்புறம் கொரோனா. 2020-21 சீசன் கொல்கத்தாவில் பூட்டிய வளையத்துக்குள் நடந்தது. சொந்த மைதானம், சொந்தக் கூட்டம் எதுவும் கிடையாது. கிளப் உரிமம் என்று ஒன்று வருஷா வருஷம் வாங்க வேண்டும். இளையோர் அணி, மைதானம், அலுவலகம், சட்டப் பத்திரங்கள், கணக்கு வழக்கு என ஐந்து தலைப்பில் கேட்பார்கள். 2021-22 ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டியின் பெயர் இல்லை. கோப்பை வாங்கி மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

இந்தியாவில் இப்படிப் போன முதல் சாம்பியனும் இது இல்லை. 1996-97-ல் முதல் தேசிய லீக்கை வென்ற பக்வாராவின் ஜேசிடி மில் அணி 2011-ல் மூடப்பட்டது. 2005-06 சாம்பியன் மஹிந்திரா யுனைடெட் 2010-லேயே கலைக்கப்பட்டது. மூன்றுமே ஜெயித்த அணிகள். தோற்றதால் யாரும் கடையை மூடவில்லை. செலவு செய்தவர் கையை இழுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

நம் பழைய ஏற்பாடு வேறு மாதிரி. இந்தியன் வங்கி, ஐசிஎஃப், தென்னக ரயில்வே என்று நிறுவனங்களின் அணிகள். ஆட்டக்காரனுக்கு அங்கே வேலை நிச்சயம். முட்டி போனால் பூட்ஸைக் கழற்றிவிட்டு கவுண்டரில் உட்காரலாம். இந்தியன் வங்கி தேசிய லீக் வரை போய் ஆடியது. அந்த அணிகளுக்காக ஜெர்சி வாங்கிப் போட்டுக்கொண்ட ரசிகர் இருந்தாரா என்பது சந்தேகம். ஆனால் வியாசர்பாடி போன்ற இடங்களில் பந்தை நம்பிப் பிள்ளையை அனுப்பிய வீடுகளுக்கு அந்த வேலைதான் கண்ணில் தெரிந்தது. இப்போது வழி கிளப்புகள்தான். வியாசர்பாடி தன்பால் கணேஷ் 2018-ல் ஐஎஸ்எல் வென்ற சென்னையின் எஃப்சியில் ஆடினார். சென்னை சிட்டியில் ஆடிய நந்தகுமார் சேகர், 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகான் வலையில் ஒற்றைக் கோலைப் போட்டார். கிளப் செத்தாலும் ஆள் பிழைத்துக்கொள்கிறான் என்பது கொஞ்சம் ஆறுதல்.

மெக்சிகோவிலும் நிலைமை ரொம்ப ஒசத்தி என்று சொல்ல மாட்டேன். 2020-ல் மொரேலியா கிளப்பின் முதல்பிரிவு இடத்தையே பெயர்த்து மாசத்லான் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அதே ஆண்டு மேலேறுவதையும் கீழிறங்குவதையும் நிறுத்திவைத்தார்கள். இங்கே 2025-ல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் ஐஎஸ்எல் சீசனே தள்ளிப்போனபோது, இரண்டு முறை சாம்பியனான சென்னையின் எஃப்சி ரசிகர்களும் எப்போது ஆட்டம் என்று தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

மீஞ்சூர்ப் பையன்களுக்கு அடுத்த வாரம் செவன்ஸ் டோர்னமெண்ட். நுழைவுக் கட்டணத்துக்குத் தலைக்கு நூறு ரூபாய் வசூலாகிறது. இரண்டு பேர் இன்னும் தரவில்லை, அதில் ஒருவன் கோல்கீப்பர் என்பதால் யாரும் கண்டிக்கவில்லை. ஆறரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. புகைபோக்கி உச்சியில் சிவப்பு விளக்குகள் எரிய ஆரம்பித்தன. மனையில் ஒரு பல்பு கிடையாது. முள்ளுக்குள் போன பந்தை போன் டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தார்கள்.