ஒரு மரம் தப்பினால் போதுமா?

தெஹிவளைக்கு வடக்கே, கம்பகா மாவட்டத்துத் தரலுவவில், 2019ஆம் ஆண்டு ஒரு மரம் இனங்காணப்பட்டது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த அதன் பெயர் குருடியா செய்லானிக்கா. 2012ஆம் ஆண்டுச் செம்பட்டியல் அழிந்துபோனதாகக் குறித்த இனம் அது. 2021இல் அதிவேகப் பாதைக்காக வெட்டப்படவிருந்தது. எதிர்ப்பு எழவே வெட்டுவது நிறுத்தப்பட்டது.

ஆனால், ஒரு மரம் நின்றால் மட்டும் இனம் தழைக்காது. காடு துண்டுபட்டால் ஒரு மரத்தின் மகரந்தம் மற்றதைச் சேர்வது அரிது. நெருங்கிய உறவுக்குள் உண்டான வித்துகள் தலைமுறைக்குத் தலைமுறை வலுக் குன்றும். ஒரே நோய் எல்லாவற்றையும் அழிக்கலாம்.

இடம்பெயர்ந்த விவசாயிகளே, உங்கள் விதைச் சிமிழுக்கும் இது பொருந்தும். பூசணி, பாகல் விதையை ஒரே கொடியில் எடுக்காதீர்கள். பல கொடிகளில் எடுங்கள், அயலவரோடு மாற்றிக்கொள்ளுங்கள். ஊர் திரும்பி விதைக்கும் நாளில் அந்தக் கலப்பே கைகொடுக்கும்.