'ரெபியூஜி' என்றொரு சொல்

புத்தளம் கரையோரத்தில் பள்ளிக்கூடம் போகாத பெண்களுக்கும் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் சில உண்டு. 'காம்ப்', 'காட்', 'ரெபியூஜி'.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலமே. மன்னார்ப் பக்கத்தவர் பலர் வள்ளங்களில் கற்பிட்டியில் வந்திறங்கினர். கிடுகுக் கொட்டிலில் குடியேறியதும் ஆசிரியை, தையற்காரி, மீனவர் மனைவி எல்லோருக்கும் ஒரே பெயர்தான் மிஞ்சியது: ரெபியூஜி, அதாவது அகதி.

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 'ஃபூகெரே' என்றால் தப்பியோடுதல். அதிலிருந்து வந்த 'ரெஃபூகியும்' என்பது ஓடிச்சென்று ஒதுங்கும் புகலிடம். 1685இல் பிரான்ஸ் மன்னன் பதினான்காம் லூயி, புரட்டஸ்தாந்து மக்களின் வழிபாட்டு உரிமையைப் பறித்தான். அவர்கள் இங்கிலாந்து முதலிய நாடுகளுக்கு ஓடினர். அவர்களோடுதான் 'ரெபியூஜி' என்னும் சொல் ஆங்கிலத்தில் வேரூன்றியது. நெசவு முதலிய கைத்தொழில்களில் அவர்கள் தேர்ந்தவர்கள். போன நாட்டையும் வளப்படுத்தினார்கள். ஆகவே பிறந்தபோது அச்சொல்லில் இழிவு இருக்கவில்லை.

நமது 'அகதி' வடமொழியிலிருந்து வந்தது. 'கதி' என்றால் போக்கிடம். அகதி, போக்கிடம் அற்றவர். ஆங்கிலச் சொல் புகலிடத்தைக் காட்டுகிறது. தமிழ்ச் சொல் அது இல்லாமையைச் சொல்கிறது. அரபியில் 'முஹாஜிர்' என்றொரு சொல் உண்டு. ஹிஜ்ரத் செய்தவர் என்று பொருள். நபிகளாரும் 622இல் மக்காவை விட்டு மதீனா சென்றவர்தாம். ஊரை விட்டு வந்தது எவருக்கும் வெட்கமல்ல.

சட்டத்தில் இச்சொல்லுக்கு வேறோர் எல்லை உண்டு. 1951ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கைப்படி, துன்புறுத்தலுக்கு அஞ்சித் தன் நாட்டின் எல்லையைத் தாண்டியவரே அகதி. புத்தளத்துக்கு வந்தவர்கள் நாட்டுக்குள்ளேயே இருந்ததால் 'உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர்' ஆயினர். 2009இல் யுத்தம் முடிந்தபின் அதற்கு முன்னால் 'பழைய' என்ற அடைமொழியும் சேர்ந்தது. ஒரு சொல் மாறினால் வரிசையில் நிற்கும் இடமும் மாறும் என்பதைப் பலர் அப்போது கண்டனர்.

இடம்பெயர்ந்தோருக்கென ஐ.நா. 1998இல் வழிகாட்டிக் கோட்பாடுகளை முன்வைத்தது. அவை சட்டமல்ல, ஆனாலும் எடுத்துக்காட்டிப் பேசலாம். சொந்த ஊருக்கு விரும்பித் திரும்பவும், இருக்கும் இடத்திலேயே வேரூன்றவும், இழந்த காணியைக் கேட்கவும் உரிமை உண்டென அவை கூறுகின்றன. ஆவணங்களைத் தம் சொந்தப் பெயரிலேயே பெறப் பெண்களுக்கு உரிமை உண்டு என்பதையும் தனியாகவே சொல்கின்றன.

ஆகவே சகோதரிகளே, எந்தப் படிவத்திலும் ஒப்பமிடுமுன் உங்களை எந்தச் சொல்லால் பதிகிறார்கள் என்று கேளுங்கள். 'குடும்பத் தலைவர்' என்ற இடத்தில் யார் பெயர் என்றும் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி ஆகியவற்றின் பிரதிகளைப் பத்திரப்படுத்துங்கள். பிறர் வைத்த பெயர் ஒரு காலத்தின் பெயர்; பத்திரங்களில் நிலைக்க வேண்டியது உங்கள் பெயர்.