மகள் படித்த காலேஜை மறைத்தேன்!



நான் கும்பகோணத்துக்காரி. கணவரின் வேலை காரணமாகப் பதினைந்து வருஷத்துக்கும் மேலாக அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் சான் ஹோசே பக்கம் இருக்கிறோம். இந்தப் பக்கத்தை என் அக்கா வாராவாரம் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவாள். மகனுக்கு நினைத்த காலேஜில் இடம் கிடைக்கவில்லை, சொந்தக்காரர் முகத்தில் விழிக்கவே கூச்சமாக இருக்கிறது என்று ஒரு தாய் எழுதியிருந்ததைப் படித்தேன். அந்தக் கூச்சத்தால் நான் செய்த காரியத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

2015-இல் என் மகள் பள்ளிப் படிப்பை முடித்தாள். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்று பிடிவாதம். அவள் ஆசைப்பட்ட பல்கலைக்கழகங்கள் எல்லாம் 'இல்லை' என்றுவிட்டன. வா என்று கூப்பிட்ட இடங்களோ வருஷத்துக்கு நாற்பதாயிரம் டாலருக்கு மேல் கேட்டன. நான் அழுதேன். அவள் அழவில்லை. "அம்மா, நான் கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷம் படிச்சிட்டு, மூணாவது வருஷம் யூனிவர்சிட்டிக்கு மாறிக்கறேன்" என்றாள்.

எனக்கு உலகமே இருண்டு போயிற்று. பதினெட்டு வயது ஆன யார் வேண்டுமானாலும் சேரலாம் என்கிற காலேஜ் அது. எல்லோருக்கும் இடம் உண்டு என்றால் அதற்கு என்ன மதிப்பு என்பதுதான் அன்று என் புத்தி.

ஊரிலிருந்து மாமியார் போன் செய்து, "பேத்தி எங்கே சேர்ந்திருக்கா?" என்று கேட்டபோது, "யூனிவர்சிட்டியிலதான் அத்தை, கம்ப்யூட்டர் சயின்ஸ்" என்று வாய் கூசாமல் சொன்னேன். நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கு வாங்க வந்த பெண்கள் விசாரித்தபோதும், மகள் வாயைத் திறக்கும் முன்னே, "இங்கேதான், பக்கத்துலதான்" என்று பேச்சை மாற்றினேன். அவர்கள் போன பிறகு சுண்டல் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே அவள் கேட்டாள்: "நான் ஒண்ணும் தப்பு பண்ணலையேம்மா. ஏன் மறைக்கறே?" நான் பதில் சொல்லவில்லை.

இந்த ஏற்பாடு எப்படிப்பட்டது என்று எனக்கு அப்போது தெரியாது. இந்த மாநிலத்தில் 1960-இலேயே உயர்கல்விக்கு ஒரு பெரிய திட்டம் போட்டார்கள். முன்னணி மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம், மற்ற எல்லோருக்கும் இரண்டு வருஷக் காலேஜ், அங்கே நன்றாகப் படித்தால் நடுவில் மாறிக்கொள்ள வழி என்று. 1984 வரை இந்தக் காலேஜ்களில் படிப்புக் கட்டணமே கிடையாதாம். 2012 முதல் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். மாறுவதற்கு 60 யூனிட் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு வருஷத்துக்கும் சேர்த்தே 2,760 டாலர்தான். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அப்போது ஒரே வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் டாலருக்கு மேல், அதுவும் தங்க, சாப்பிடத் தனி. (இந்த 46 டாலர் இந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். ஊரிலிருந்து மாணவர் விசாவில் வருகிறவர்களுக்குப் பல மடங்கு. இதை நம்பி யாரும் அங்கிருந்து பிள்ளையை அனுப்பிவிடாதீர்கள்!) கடைசியில் கொடுக்கும் பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும்.

ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் அவ்வளவு சுலபம் இல்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இளநிலை படிக்க ஒன்பது வளாகங்கள். அதில் ஆறு, 'இன்னின்ன பாடத்தில் இத்தனை மதிப்பெண் எடு, இடம் உறுதி' என்று முன்கூட்டியே எழுதித் தருகின்றன. மகள் இதைச் சொன்னதும் நிம்மதியாக மூச்சு விட்டேன். பிறகு பார்த்தால் அந்த உறுதி எல்லாப் படிப்புக்கும் கிடையாது. கம்ப்யூட்டர் படிப்பைச் சில வளாகங்கள் அதிலிருந்து ஒதுக்கி வைத்திருக்கின்றன. 'அசிஸ்ட்' என்று ஒரு இணையதளம் இருக்கிறது. இந்தக் காலேஜின் எந்தப் பாடம் அந்த வளாகத்தின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று அதில் வரிக்கு வரி போட்டிருக்கிறார்கள். அதை அச்சடித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தாள்.

அவள் செய்த தவறு ஒன்றுதான். சேரும்போது கணக்கில் ஒரு தரப் பரீட்சை வைத்தார்கள். சும்மாதானே என்று படிக்காமல் போய் எழுதினாள். கால்குலஸுக்கு ஒரு படி கீழே தள்ளிவிட்டார்கள். கால்குலஸ் முடித்தால்தான் அடுத்த கால்குலஸ், அதற்கப்புறம் லீனியர் அல்ஜீப்ரா. மாவு அரைக்காமல் இட்லி ஊற்ற முடியாது என்பது போலத்தான். ஒரு மணி நேரப் பரீட்சை அரை வருஷத்தைத் தின்றுவிட்டது. (2017-இல் சட்டம் கொண்டுவந்து, இப்போது பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்தே வகுப்பில் சேர்க்கிறார்கள். என் மகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.)

அதை ஈடுகட்ட 2016 கோடை விடுமுறையில் இரண்டாவது கால்குலஸைப் படித்தாக வேண்டும். அவள் காலேஜில் இடம் நிரம்பிவிட்டது. இருபத்தைந்து மைல் தள்ளி இன்னொரு காலேஜில் வெயிட்டிங் லிஸ்டில் ஆறாவது ஆள். அவளுக்கு அப்போது லைசென்ஸ் கிடையாது. நானோ ஹைவேயில் கார் ஓட்டப் பயப்படுகிறவள். கணவர் ஆபீஸ் வேலையாக வெளியூரில். வேறு வழியில்லாமல் விடியற்காலையில் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு கிளம்பினோம். முதல் நாள் பேராசிரியர் பெயர் வாசிக்க வாசிக்க, என் மகள் பின்சுவரோரம் நின்று வராதவர்களை எண்ணிக்கொண்டிருந்தாளாம். ஏழு பேர் வரவில்லை. வெளியே ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

ஆறு வாரம் தினமும் அந்த வளாகத்தில் ஒரு பெஞ்சில் காத்திருந்தேன். நைட் டியூட்டி முடித்து யூனிஃபார்மோடு வகுப்புக்கு வருகிறவர்கள், பட்டாளத்திலிருந்து திரும்பிய ஆண்கள், குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு ஓடி வரும் தாய்மார்கள் என்று எத்தனை விதமான மனிதர்கள்! என் வயதுப் பெண் ஒருத்தி, பிறந்தது மெக்சிகோவாம், பக்கத்தில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைப் புரட்டுவாள். "நான் அக்கவுண்டிங் படிக்கிறேன், என் பெண் இதே காலேஜில் நர்ஸிங்குக்குப் படிக்கிறாள்" என்று பூரிப்போடு சொன்னாள். அம்மாவும் பெண்ணும் ஒரே காலேஜில்! என் மகளைப் பற்றிக் கேட்டாள். அன்றுதான் முதல் தடவையாக உள்ளதை உள்ளபடி சொன்னேன். முன்பின் தெரியாத ஒருத்தியிடம்.

திரும்பும்போது காரில் மகளிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். வார்த்தை வரவில்லை. "நாளைக்குத் தயிர் சாதம் போதுமா?" என்றுதான் கேட்டேன்.

அந்த நவம்பரில் விண்ணப்பித்தாள். 2017 ஏப்ரலில் பதில் வந்தது. பெர்க்லி இல்லை என்றது, டேவிஸ் வா என்றது. அதுவும் மீதிப் பாடங்களை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தால்தான் என்ற நிபந்தனையோடு. லீனியர் அல்ஜீப்ரா பரீட்சை முடியும்வரை வீட்டில் யாரும் டி.வி. போடவில்லை.

டேவிஸிலும் முதல் பருவம் திண்டாடினாள். காலேஜில் பதினாறு வாரம் நிதானமாக நடத்துவதை அங்கே பத்தே வாரத்தில் ஓட்டுகிறார்கள். நாற்பது பேர் இருந்த வகுப்பிலிருந்து முன்னூறு பேர் உட்காரும் அரங்கத்துக்குப் போனவள், மதிப்பெண் குறைந்து ராத்திரி போனில் அழுதாள். "அங்கே வாத்தியாருக்கு என் பேர் தெரியும்மா" என்றாள். இரண்டாம் பருவத்தில் சமாளித்துக்கொண்டாள். 2019 ஜூனில் பட்டம் வாங்கினாள். இப்போது நல்ல வேலையில் இருக்கிறாள்.

அந்த டிசம்பரில் ஊருக்குப் போனோம். பட்டமளிப்பு ஆல்பத்தைப் பாட்டிக்குக் காட்டிக்கொண்டிருந்தவள், "பாட்டி, முதல் ரெண்டு வருஷம் நான் இங்கே படிக்கலை. வேற சின்னக் காலேஜ்" என்று போட்டு உடைத்துவிட்டாள். எனக்கு அடி வயிற்றில் பகீர் என்றது.

மாமியார் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "இதுல மறைக்க என்னம்மா இருக்கு? உங்க மாமனார் கும்பகோணத்துல இன்டர்மீடியட் ரெண்டு வருஷம் படிச்சிட்டு, அப்புறம் திருச்சிக்குப் போய்த்தான் பி.எஸ்சி. முடிச்சார். யார் என்ன சொன்னாங்க?" என்றார். பிறகு பேத்தியிடம் திரும்பி, "அந்தக் காலேஜ் போட்டோவைக் காட்டு, எப்படி இருக்குன்னு பார்ப்போம்" என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் ஆல்பத்தை வாங்கி, தேடுவதுபோல் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றுகூட எடுக்கவில்லை என்று எனக்குத்தானே தெரியும்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
சான் ஹோசே, கலிபோர்னியா.