சிவிங்கியின் ஓட்டம்

சிங்கம், புலி, சிறுத்தை, சிவிங்கி என்னும் நான்கினுள் எது பெரிய வேட்டைக்காரன் என்று நம் வீட்டுக் குழந்தைகள் வாதிடத் தொடங்கினால், இலையில் சோறு ஆறிப்போகும் வரையில் அந்த வழக்குத் தீராது. அதில் பாதி, பெயர்க் குழப்பத்தால் விளைவது. சிவிங்கியையும் சிறுத்தை என்றே சொல்லிவிடுவது நம்மவர் வழக்கம். மரமேறுவதில் வல்ல சிறுத்தையின் புள்ளிகள் பூப்போல வட்ட வட்டமாக இருக்கும். சிவிங்கிக்கோ தனித்தனிக் கரும்புள்ளிகள். கண்ணிலிருந்து வாய் வரையில் மை வழிந்தாற் போன்ற ஒரு கோடு.

ஓட்டத்தில் சிவிங்கிக்கு நிகர் தரையில் வாழும் பிராணிகளில் வேறொன்றும் இல்லை. ஆனால் அந்த ஓட்டத்தின் இரகசியம் நாம் நினைப்பதுபோல் அன்று. போட்ஸ்வானாவில் ஐந்து சிவிங்கிகளின் கழுத்தில் கருவி பூட்டி, 367 ஓட்டங்களை அளந்தார்கள். 2013-இல் வெளியான அக்கணக்கின்படி, மிகுந்த வேகம் மணிக்கு 58 மைல். ஆயினும் ஒவ்வோர் ஓட்டத்தின் உச்ச வேகத்தையும் எடுத்துச் சராசரி பார்த்தால் 33 மைல்தான். உயிருக்கு ஓடும் மான் நேர்கோட்டில் ஓடுமா? வெட்டி வெட்டித் திரும்பும். அப்போது வேகத்தைச் சட்டென்று அடக்கி, நீண்ட வாலைச் சுழற்றிச் சமன் செய்துகொண்டு, முழுதும் உள்ளிழுக்க முடியாத நகங்களைத் தரையில் ஊன்றித் தானும் திரும்புகிறதே, அதுவே சிவிங்கியின் சாமர்த்தியம். அப்படியும் நான்கு ஓட்டங்களுக்கு ஏறக்குறைய ஒன்றில்தான் இரை அகப்பட்டது.

புலி இத்தனை தூரம் ஓடுவதில்லை. புல்லோடு புல்லாய்ப் பதுங்கி வந்து, ஒரே பாய்ச்சலில் கழுத்தைப் பற்றும். சிங்கங்கள் கூட்டமாக வளைத்துக்கொள்ளும். சிறுத்தை கொன்றதை மரத்தின் மேல் ஏற்றிவிடும். சிவிங்கிக்கு இந்த வசதி ஒன்றும் இல்லை. ஓடி முடித்தபின் வெகுநேரம் மூச்சு வாங்கிக் கிடக்கும். அதற்குள் கழுதைப்புலி வந்தால் இரையை விட்டு விலகிக்கொள்ளும். சண்டையில் ஒரு கால் நொண்டியானாலும் அப்புறம் அதற்கு ஜீவனம் ஏது?

பிறரோடு மல்லுக்கு நில்லாத இந்தச் சுபாவமே அதை மனிதனிடம் சிக்கவைத்தது. கண்ணைக் கட்டி மாட்டு வண்டியில் ஏற்றிச் சென்று, வெளிமான் கூட்டம் நெருங்கியதும் கட்டவிழ்த்து விடுவார்கள். அக்பர் ஆயிரம் சிவிங்கிகளைச் சேர்த்திருந்ததாக அவர் மைந்தர் ஜஹாங்கீர் எழுதியிருக்கிறார். ஆனால் அடைத்து வைத்த இடத்தில் அது எளிதில் குட்டி போடாது. ஜஹாங்கீர் காலத்தில் ஒரு முறை போட்டதே அதிசயமாகக் குறித்து வைக்கப்பட்டது. ஆகவே, வேட்டைக்கு வேண்டியதையெல்லாம் காட்டிலிருந்துதான் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். வெள்ளைக்காரர் ஆட்சியிலோ அதைக் கொல்வோர்க்கு வெகுமதி அளித்தார்கள். மேய்ச்சல் வெளிகளும் கழனிகளாயின. கடைசியில் நம் சமஸ்தானாதிபதிகள் சிலர் வேட்டைக்காக ஆப்பிரிக்காவிலிருந்து சிவிங்கிகளைத் தருவிக்கும் நிலை வந்தது. 'சீட்டா' என்று உலகமெல்லாம் வழங்கும் பெயரே நம் தேசத்துச் சொல். அந்தப் பெயருக்கு உரியதை நாம் கடல் கடந்து விலைக்கு வாங்கினோம்!

1947-இல் கொரியா சமஸ்தானத்து மகாராஜா ஓர் இரவில் மூன்று சிவிங்கிகளைச் சுட்டு வீழ்த்தினார். அவையே கடைசி என்பர். எத்தனை வேகமாக ஓடினாலும் துப்பாக்கி ரவையை முந்த முடியுமா? 1952-இல் இந்தியாவில் சிவிங்கி இல்லை என்று சர்க்காரே அறிவித்துவிட்டது.

எழுபது ஆண்டுகள் சென்றபின், 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டும், 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டும் மத்தியப் பிரதேசத்துக் குனோ வனத்துக்கு வந்து சேர்ந்தன. அங்கே சிறுத்தைகள் ஏராளம். வந்தவற்றுள் சில மாண்டன என்பதையும் மறைப்பதற்கில்லை. 2023 மார்ச்சில் நமீபியாவிலிருந்து வந்த பெண் சிவிங்கி ஒன்று நான்கு குட்டிகளை ஈன்றது. மே மாதத்து வெயிலில் மூன்று இறந்தன. நான்காவது, ஒரு பெண் குட்டி, பிழைத்துக்கொண்டது.