விளக்கு எரியுது, ஃபைல் வரலையே!

"தங்கச்சி, 2006 தீபாவளிக்கு எங்கப்பா உங்க வானொலியில வாழ்த்துச் சொன்னாரு. அந்தக் குரல் இன்னும் இருக்குமா?"

கிள்ளானிலிருந்து ஓர் அக்கா அழைத்தது திங்கட்கிழமை. சனிக்கிழமை அவர் அப்பாவுக்கு முதலாமாண்டு நினைவு நாள். பதிவேட்டைப் புரட்டினேன், அந்த நிகழ்ச்சி இருந்தது. ஒலிப்பதிவு இருக்க வேண்டிய இடம், சாதனங்கள் அறையின் மூலையில் தூசி படிந்து நிற்கும் பழைய சேமிப்புப் பெட்டி. "கண்டிப்பா தர்றேன்கா" என்று வாயை விட்டுவிட்டேன்.

அதற்கு முந்தைய வாரம்தான் அலுவலகத்தின் நெட்வொர்க் சுவிட்சுகளை எல்லாம் மாற்றியிருந்தார்கள். என் புது மடிக்கணினியில் பெட்டியைத் திறந்தால் 'பாதுகாப்பற்றது' என்று மறுத்தது. ஸ்டூடியோவின் பழைய கணினியில் திறந்தது. ஆனால், 3 நிமிடப் பதிவு ஒன்றை இழுக்க அரை மணி நேரமாகியும் பாதிகூட வரவில்லை. அது 30 மெகாபைட்தான். ஐந்து விநாடி வேலை.

"ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு போல, அக்கா" என்றார் எங்கள் நெட்வொர்க் தம்பி. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நல்லவேளை, தம்பி அத்தோடு விடவில்லை. பெட்டிக்கு 'பிங்' அனுப்பினார். உடனே பதில் வந்தது. போர்ட்டில் பச்சை விளக்கும் எரிந்தது. சின்னச் செய்தி போகிறது, பெரிய ஃபைல் மட்டும் திணறுகிறது. சுவிட்சுக்குள் நுழைந்து அந்தப் போர்ட்டின் கணக்கைப் பார்த்தார். 'லேட் கொலிஷன்' என்ற எண் கண்முன்னே ஏறிக்கொண்டிருந்தது. "டிஸ்க் இல்லக்கா, டூப்ளெக்ஸ்!" என்று துள்ளினார்.

என் தொழிலை வைத்தே சொல்கிறேன். வாக்கி-டாக்கியில் ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்க வேண்டும். அது 'ஹாஃப் டூப்ளெக்ஸ்'. தொலைபேசியில் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம். அது 'ஃபுல் டூப்ளெக்ஸ்'. கேபிளின் இரு முனைகளும் எப்படிப் பேசுவது என்று தாமாகவே பேசி முடிவு செய்யும் முறை 1995-இல் தரமாக்கப்பட்டது. ஆரம்ப நாட்களில் வெவ்வேறு நிறுவனச் சாதனங்கள் அதில் ஒத்துப்போகாமல் மக்கர் செய்ததால், பல இடங்களில் அதை அணைத்துவிட்டு '100, ஃபுல்' என்று கையாலேயே பூட்டி வைப்பார்கள். எங்கள் பெட்டியையும் யாரோ ஒரு புண்ணியவான் அப்படிப் பூட்டியிருக்கிறார். பழைய சுவிட்சிலும் அதே பூட்டு இருந்ததால் இத்தனை ஆண்டுகள் ஓடியது.

புது சுவிட்ச் தானியங்கி முறையில் கைநீட்டியது. பூட்டிய பெட்டி பதில் சொல்லவில்லை. அப்படி ஒரு நிலை வந்தால், சுவிட்சால் வேகத்தை மட்டும் கண்டுபிடிக்க முடியும். டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் விதிப்படி 'ஹாஃப்' என்று எடுத்துக்கொள்ளும். ஒரு முனையில் தொலைபேசி, மறுமுனையில் வாக்கி-டாக்கி. மோதாமல் என்ன செய்யும்?

இரண்டு பக்கத்தையும் தானியங்கிக்கு மாற்றுவதுதான் முறை. பெட்டியின் கடவுச்சொல் யாருக்கு ஞாபகமிருக்கிறது! ஆகவே சுவிட்சின் அந்த ஒரு போர்ட்டை மட்டும் '100, ஃபுல்' என்று மாற்றினார். ஃபைல் பறந்தது.

என் மடிக்கணினி மறுத்தது தனிக் கதை. அதற்கும் சுவிட்சுக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு கோளாறும் ஒரே நாளில் கண்ணில் பட்டதால்தான் இவ்வளவு குழப்பம். பெட்டிக்குத் தெரிந்தது 'எஸ்எம்பி 1' என்ற பழைய மொழி மட்டுமே. 2017 மே மாதம் 'வானாகிரை' தீநிரல் பிரிட்டன் மருத்துவமனைகளையே முடக்கியதே, அது பரவியது இந்த மொழியிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் அது இயல்பாகச் சேர்வதில்லை.

"என் கணினியில மட்டும் அதைத் திறந்து விடேன் தம்பி" என்று கெஞ்சினேன். முடியவே முடியாது என்றார். அவர் செய்ததே சரி. ஸ்டூடியோக் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, அதன் வழியே பெட்டியிலிருந்த அத்தனையையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்தார். ஓர் இரவும் மறுநாள் பாதியும் பிடித்தது.

அப்பாவின் கடையில் பழைய பிரிண்டர் 'ஸ்கேன்' செய்ததைக் கணினிக்கு அனுப்ப மறுக்கிறதா? பெரும்பாலும் இதே எஸ்எம்பி வியாதிதான். புது சுவிட்சில் பழைய சாதனத்தின் விளக்கே எரியவில்லையா? அதற்கு 10 மெகாபிட் வேகம் மட்டும் தெரிந்திருக்கலாம். இப்போதைய அதிவேகப் போர்ட்டுகள் பலவற்றில் அந்த வேகமே கிடையாது. தூக்கிப் போட்ட பழைய சின்ன சுவிட்ச் ஒன்றை நடுவில் மாட்டிப் பாருங்கள், வேலை செய்யும். பழையதை எல்லாம் வீசிவிடும் என் அம்மாவுக்கு இது தெரியக்கூடாது.

வெள்ளிக்கிழமை மாலை அந்தப் பதிவைக் கேட்டேன். 42 விநாடிகள். வாழ்த்துச் சொல்வதற்கு முன்பு ஒரு நீண்ட இருமல். பழக்கதோஷத்தில் அதை வெட்டிவிட்டு அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் அழைப்பு வந்தது.

"தங்கச்சி, முன்னால அப்பா இருமியிருப்பாரே... அதையும் சேர்த்து அனுப்ப முடியுமா?"