கடையில் இருக்கிறது, போனில் இல்லை!

மதுரையில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் சின்னப் புத்தகக்கடை வைத்திருக்கிறார். கடைக்கென்று இணையதளமும் உண்டு. ஒருநாள் என் பெரியம்மா பேரனுக்குப் பரிசளிக்க அதில் 'பொன்னியின் செல்வன்' தேடினார். 'முடிவுகள் இல்லை' என்று வந்தது. "என்னடா இது, பொன்னியின் செல்வன்கூட இல்லாம ஒரு புத்தகக்கடையா?" என்று போனை என் கையில் திணித்துவிட்டார்.

கடைக்குப் போய்ப் பார்த்தால், வாசலுக்கு எதிரிலேயே நான்கு பதிப்பகங்களின் பொன்னியின் செல்வன் அடுக்கிக் கிடக்கிறது!

கோளாறு, முதல் எழுத்தான 'பொ'விலேயே இருந்தது. கணினியில் இதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் பதியலாம். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தேடல் பெட்டிக்கு வேறு வேறு. இரண்டையும் ஒன்றாக்கும் வழி யுனிகோடிலேயே இருக்கிறது. தளத்தை உருவாக்கியவர் அதைச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனால், 'ஔவையார்' என்பதை 'ஒ', 'ள' என்று தனித்தனியாகத் தட்டுபவர்களுக்கு அந்த வழியும் உதவாது. அதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

போதாக்குறைக்கு, பலர் தமிழில் தட்டுவதே இல்லை. ஆங்கில எழுத்தில் ழகரத்துக்கு ஒருவர் 'இசட்-எச்' போடுவார்; இன்னொருவர் ஒற்றை 'எல்'லோடு நிறுத்திக்கொள்வார். தி.ஜானகிராமனை 'தி.ஜா.' என்று தேடுபவர்களும் உண்டு. எனவே, அதிகம் விற்கும் புத்தகங்களுக்கு மட்டும் முதலில் இந்த மாற்றுப் பெயர்களைக் கையாலேயே சேர்த்தார். வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

இதில் வேடிக்கை, தளத்தைப் புதுப்பிக்கலாம் என்றதும் அவர் முதலில் கேட்டது, "லோகோவை மாத்திடலாமா?" என்றுதான். முகப்பில் ஓடிக்கொண்டிருந்த பெரிய படங்களை எடுத்ததே, பழைய போன் வைத்திருப்பவர்களுக்குப் பாதி நிம்மதி.

அடுத்தது, புத்தகத்தைக் காட்டுகிற விதம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால், யாரும் அச்சிடலாம். ஐந்து பாகங்களும் சேர்ந்ததா, ஒரு பாகம் மட்டுமா, சுருக்கப் பதிப்பா, எழுத்து பெரிதாக இருக்குமா? கடையில் என்றால் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு பக்கம் புரட்டிப் பார்த்துவிடுவோம். போனில் அட்டைப்படம் மட்டும் இருந்தால் எப்படித் தெரியும்? உள்பக்கம் ஒன்றைப் படமெடுத்து, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தையும் வைத்தார். எழுத்தின் அளவு பளிச்சென்று தெரிந்துவிட்டது.

பணம் கட்டும் இடத்தில்தான் பலர் ஓடிப்போகிறார்கள். ஒரு புத்தகம் வாங்க எதற்குக் கணக்குத் தொடங்கி, கடவுச்சொல் வைக்க வேண்டும்? இப்போது பெயர், போன் எண், முகவரி போதும். ஆறு இலக்கப் பின்கோடு போட்டால் மாவட்டமும் மாநிலமும் தானாக வந்துவிடும். யு.பி.ஐ. பட்டன் முதலில் இருக்கிறது. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. ஆனால் ஐந்து பாகங்களின் எடைக்குக் கூரியர் கட்டணம் சும்மா வராது. அதைக் கடைசி நொடியில் காட்டி அதிர்ச்சி கொடுக்காமல், விலைக்குக் கீழேயே போட்டுவிட்டார்.

பெரிய நிறுவனங்கள் தரும் தள்ளுபடியை அவரால் தர முடியாது. பதிப்பகம் தரும் கழிவில்தான் கடை வாடகை, உதவியாளர் சம்பளம், வீட்டுச் செலவு எல்லாமே. அதனால், இருப்பதை இருக்கிறது என்றும், இல்லாததை 'வரவழைத்துத் தர நாலு நாள் ஆகும்' என்றும் உண்மையாகச் சொல்வதை விடவே கூடாது என்கிறார். தினமும் கடை மூடும்போது, அன்று விற்ற பிரதிகளை இணைய இருப்பிலிருந்து கழித்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குகிறார்.

பெரியம்மா மறுபடி தேடினார், கிடைத்தது. ஆனால் ஆர்டர் போடவில்லை. பக்கத்தில் இருந்த வாட்ஸ்அப் பட்டனைத் தட்டி, "பத்து வயசுப் பையனுக்கு இது புரியுமா தம்பி?" என்று கேட்டார். "முதல் பாகம் மட்டும் அனுப்புறேன்மா. பிடிச்சா மிச்சத்தை வாங்கிக்கோங்க" என்று பதில் வந்தது.

போன வாரம் இரண்டாம் பாகம் வந்து சேர்ந்தது.