பஸுல்லா ரோடு வீட்டுக்காரரும் 31 நாட்களும்

தி.நகர் பஸுல்லா ரோட்டில் என்.டி.ராமாராவ் குடியிருந்த வீடு, ஒரு காலத்தில் திருப்பதி யாத்திரையின் கடைசி ஸ்டாப். மலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு, திரையில் அதே பெருமாளாக நடித்தவரையும் பார்த்துவிட்டுப் போக ஆந்திராவிலிருந்து பஸ் பஸ்ஸாக வருவார்களாம்.

1984 ஆகஸ்ட் 16-ல் அவரது ஆட்சியை நீக்கியபோது ஆந்திரா முழுக்க ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். கடையடைப்பு, மறியல், சில ஊர்களில் துப்பாக்கிச்சூடு, உயிரிழப்பு. சரியாக 31 நாளில், செப்டம்பர் 16-ல், மறுபடி முதல்வர். "சினிமா மயக்கம்" என்று இதை ஒதுக்கிவிடலாம்தான். ஆனா கணக்கு உதைக்குதே? 1980-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியும்தான் போனது. அவருக்கு இல்லாத ரசிகர் கூட்டமா?

வித்தியாசம் கூட்டத்தில் இல்லை, சட்டப்பிரிவில் இருக்கிறது.

1980 பிப்ரவரி 17-ல் 356-ஐ வைத்து ஒரே நாளில் 9 மாநில அரசுகளைக் கலைத்தார்கள். சட்டசபையும் சேர்ந்தே போச்சு. சபையே இல்லை, எம்.எல்.ஏ. என்று ஒருத்தரும் இல்லை. அப்புறம் போராடுகிறவன் எதைத் திருப்பிக் கேட்பான்? தேர்தல்தான் ஒரே வழி. ஜனவரி லோக்சபா தேர்தலில் 39-க்கு 2 மட்டுமே ஜெயித்திருந்த அ.தி.மு.க., மே மாதம் 129 இடங்களோடு திரும்பி வந்தது.

ராமாராவ் விஷயத்தில் கவர்னர் ராம்லால் 356-ஐத் தொடவில்லை. "மெஜாரிட்டி போய்விட்டது" என்று அவரை நீக்கி, நாதெண்ட்ல பாஸ்கர ராவுக்குப் பதவிப்பிரமாணம் செய்து, பலத்தை நிரூபிக்க ஒரு மாதம் கொடுத்தார். சபை உயிரோடு இருந்தது. இதுதான் ஓட்டை. அமெரிக்காவில் இதய ஆபரேஷன் முடித்து அப்போதுதான் வந்திருந்த மனுஷன், சக்கர நாற்காலியில், 160-க்கும் மேற்பட்ட எம்.எல்.ஏ.க்களோடு ஜனாதிபதி முன்னால் போய் நின்றார். 294 பேர் சபையில் 148 போதும். தலையை எண்ணிப் பார்த்தாலே முடிந்தது. பிறகு அவர்களை ராமகிருஷ்ண ஹெக்டே ஆட்சியில் இருந்த கர்நாடகத்தில் பத்திரமாக வைத்திருந்தார்கள் (ரிசார்ட் அரசியலுக்கு அப்பவே பிள்ளையார் சுழி!).

அப்போ தெருவில் நின்றவர்கள் என்னதான் செய்தார்கள்? என் ஊகம் இது: கட்சி மாறினால் தொகுதிக்குள் கால் வைக்க முடியாது என்ற பயத்தை அந்த ஒரு மாதமும் ஆறாமல் வைத்திருந்தார்கள். பாஸ்கர ராவுக்கு ஆள் சேரவில்லை. ராம்லாலும் போனார், சங்கர் தயாள் சர்மா வந்தார்.

1976 ஜனவரி 31-ல் தி.மு.க. ஆட்சி கலைந்தபோது மெட்ராஸ் அமைதியாக இருந்ததை வைத்து, ஆதரவே இல்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். எமர்ஜென்சி, பத்திரிகைத் தணிக்கை, மிசா கைதுகள். அந்த அமைதியை எப்படி அளப்பது?

1991-ல் கவர்னர் பர்னாலா அறிக்கை தர மறுத்தும், 356-ல் உள்ள "அல்லது வேறு வகையில்" என்ற வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு ஆட்சியைக் கலைத்தார்கள். அடுத்த தேர்தலில் தி.மு.க.வுக்கு 2 இடம். ஆனால் நடுவில் ஸ்ரீபெரும்புதூர் நடந்துவிட்டது. அதைக் கலைப்பு மீதான தீர்ப்பாக எடுக்க முடியாது.

1994-ல் பொம்மை வழக்கில் 9 நீதிபதிகள் அமர்வு ராமாராவின் அதிர்ஷ்டத்தையே விதியாக்கியது: மெஜாரிட்டியைச் சபையில்தான் பார்க்கணும், நாடாளுமன்றம் ஒப்புதல் தரும்வரை சபையைக் கலைக்கக்கூடாது. 2016-ல் உத்தரகாண்டில் ஹரீஷ் ராவத், சுப்ரீம் கோர்ட் மேற்பார்வையில் சபையில் ஓட்டெடுப்பு ஜெயித்து நாற்காலிக்குத் திரும்பியது இந்த வழியில்தான்.